மறு: 'லாஸ்ட்' – அச்சா, கட்டையா?

அனைவருக்கும் வணக்கம். காலணி செய்யும்போது உள்ளே வைத்து, மேலே தோலை இழுத்துப் பொருத்துகிற, ஏறத்தாழப் பாத வடிவிலான கருவிதான் 'லாஸ்ட்' (last). பிள்ளைகளுக்கான நம் விளையாட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டதற்கு 'அச்சு', 'பாதப்படி' என்றெல்லாம் சொற்கள் வந்திருந்தன.

காலணி வடிவமைப்பு விளையாட்டின் முதல் கட்டத்தை அக்கா மகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு. 'உன் லாஸ்டைத் தேர்ந்தெடு' என்று திரையில் வந்ததும், வரிசையின் கடைக்கோடியில் இருந்த படத்தைத் தொட்டாள். "கடைசிதானே மாமா?" என்கிறாள். ஆம்பூர், ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் எல்லாரும் லாஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பொருள் கையில் இருக்கிறது, குழப்பமில்லை. திரையில் அது நடக்காது.

சரி, 'அச்சு' ஏன் வேண்டாம்? முறுக்கு அச்சோ செங்கல் அச்சோ, அச்சு என்றால் பொருள் அதற்குள் போகும். லாஸ்ட் நேர்மாறு: அது உள்ளே இருக்க, தோல் அதன்மேல் இழுபட்டுக் காலணி ஆகிறது. மூன்றாம் கட்டத்தில் அடிப்பாகத்தை வார்க்கும் அச்சு வேறு வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

'பாதப்படி' அழகான சொல்தான், ஆனால் பொய் சொல்கிறது. லாஸ்ட் பாதத்தின் நகல் அல்ல. விரல்நுனிக்கு அப்பாலும் நீளும். நுனி தரையிலிருந்து சற்றுத் தூக்கியிருக்கும். குதி (ஹீல்) உயரமும் அதிலேயே அடக்கம். 2 செ.மீ. குதிக்குச் செய்த லாஸ்டில் தைத்த காலணிக்கு 5 செ.மீ. குதியை ஒட்டினால் அது முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நம் விளையாட்டில் பிள்ளைகள் முதலில் செய்யப்போகும் தப்பே இதுதான். குதியை மாற்ற வேண்டுமென்றால் லாஸ்டையும் மாற்ற வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். சொல்லே 'இது உன் பாதம்' என்று சொல்லிவிட்டால் அந்தப் பாடம் போச்சு.

சிலை வார்ப்பவர்களின் மெழுகுக் கருவை நினைத்து நானே 'கருக்கட்டை' என்று ஒன்று யோசித்தேன். இலங்கைப் பாடநூலில் கருக்கட்டல் என்றால் கருவுறுதல். விட்டுவிட்டேன். 'உருக்கட்டை'யை அவசரத்தில் படித்தால் உருட்டுக்கட்டை.

ஆகவே 'காலணிக்கட்டை', திரையில் வெறும் 'கட்டை'. இப்போது பிளாஸ்டிக்கில் அல்லவா செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து கட்டையில் பாடுகிறார் என்றால் யாரும் மரத்தைத் தேடுவதில்லை, கட்டைவிரலிலும் மரமில்லை.

தோலைக் கட்டைமேல் இழுத்துப் பொருத்தும் வேலைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 1883-இல் யான் மாட்செலிகர் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரம் செய்தது இதைத்தான். அதுவரை கையால் இழுத்து மடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு. 'கட்டையேற்றம்' சரியாக வரும் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதும், "கட்டையில போறவனேன்னு திட்டுற மாதிரி இருக்கு" என்றார். அதனால் 'இழுத்துப்பொருத்தல்'. நீளம்தான், ஆனால் செய்வதைச் சொல்கிறது. இரண்டே அசையில் யாராவது தந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், சிமுலேஷனுக்குப் 'பாவனை' என்று எழுதியிருந்தீர்கள். இலங்கையில் அதற்குப் பயன்பாடு என்று பொருள். 'உருவகப்படுத்தல்' இலக்கண வகுப்பை நினைவூட்டுகிறது. விளையாட்டில் வரும் பாத்திரம், செய்து முடித்த காலணியைப் போட்டுக்கொண்டு நடக்க, எங்கே அழுத்தம் என்று சிவப்பாகத் தெரியும் அந்தத் திரைக்கு 'நடை ஒத்திகை' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.