தியேட்டரில் உங்களுக்குக் கதை சொன்னது யார்?

காவிரிக்கரை (திருச்சி)

என் கணவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. கல்யாணம் ஆன இந்தப் பதினோரு வருஷத்தில் தியேட்டரில் நாற்பது படமாவது பார்த்திருப்போம். நாற்பதையும் அவர் காதில் சொன்னவள் நான். வசனம் வந்தால் நிறுத்திக்கொள்வேன். வசனம் நின்று பின்னணி இசை மட்டும் ஓடும்போது என் வேலை தொடங்கும். "கதவைத் திறக்கிறான். உள்ளே யாருமில்லை. மேஜை மேல அந்தப் பொண்ணோட வளையல்."

போன தீபாவளிக்கு ஒரு படத்துக்குப் போனோம். இடைவேளைக்கு முன்னால் ஐந்தாறு நிமிஷம் வசனமே இல்லாத ஒரு காட்சி. நான் சொல்லிக்கொண்டே போனேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "ஏம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் பார்க்கக் கூடாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். "இவருக்குக் கண்ணு தெரியாதுங்க" என்று சொல்ல வாய் வரை வந்தது. என் கணவர் கையை அழுத்தினார், சொல்லாதே என்று. மிச்சப் படத்தில் நான் பேசவில்லை. பைக் ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்டார், "அந்த வளையல் கடைசியில யார் கையில இருந்துச்சு?"

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. திரையில் நடப்பதை வசனங்களுக்கு இடையில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருமாம். ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்கிறார்கள், ஒலி விவரிப்பு. நாம் இயர்போனில் கேட்கலாம், பக்கத்து சீட்டுக்குக் கேட்காது. ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று தியேட்டர்களுக்காக ஒரு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கை பெறும் படங்கள் ஆறு மாதத்துக்குள் பார்வையில்லாதவர்களுக்கு ஒலி விவரிப்பும் காது கேளாதவர்களுக்குத் திரையெழுத்தும் தர வேண்டும், மற்ற படங்களுக்கு இரண்டு வருஷம் கெடு. தெலுங்கிலும் இந்தியிலும் சேர்ந்து வெளியாகும் நம் பெரிய படங்கள் எல்லாம் முதல் வகை.

உங்களில் யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா? நல்லது, கெட்டது எதுவானாலும் எழுதுங்கள்.

விழுப்புரத்தான்

நான் பார்வையற்றவன், பள்ளி ஆசிரியர். சின்ன வயதில் எனக்குக் கதை சொன்னது வானொலி. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் போடுவார்கள், ஒரு படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் என்னை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் கதை வசனக் கேசட் வந்தது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் முழுப் படமும் ஓடும். அந்தக் காலத்துப் படங்களில் யார் வந்தாலும் "வாருங்கள் அமைச்சரே" என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் கோபத்தைச் சொல்வார்கள். காதே போதும். எத்தனையோ படத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன்.

இப்போதைய படங்கள் அப்படியில்லை. கேமரா பேசுகிறது, ஆட்கள் பேசுவதில்லை.

செயலி வழியாக ஒலி விவரிப்போடு தமிழ்ப் படம் ஒன்று பார்த்தேன். முறை எளிது. விவரிப்புக் கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும், அரங்குக்குள் சிக்னல் கிடைக்காது. படம் ஓடும்போது போனின் மைக் அரங்கத்தின் சத்தத்தைக் கேட்டு எந்த இடம் என்று தானே பிடித்துக்கொள்கிறது. ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்றக் காது அரங்கத்துக்கு. ஒரு காட்சியில் அப்பா மகனிடம், "நீதான் எடுத்தியா?" என்று கேட்கிறார். அமைதி. என் காதில் அந்தக் குரல் சொன்னது: "அவன் தலைகுனிந்து சட்டைப் பொத்தானைத் திருகுகிறான்." நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். திரையில் மனிதர்கள் வாய் திறக்காமலும் பதில் சொல்வார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பதில் வராத இடங்களை எல்லாம், கதாசிரியர் வசனம் எழுதாமல் விட்ட இடம் என்றே நினைத்திருந்தேன். ஐம்பத்து மூன்று வயது எனக்கு.

கெட்டதும் சொல்கிறேன். டார்ச் அடித்துக்கொண்டு வந்த ஊழியர், "போனை உள்ளே வை, ரெக்கார்டிங் பண்றியா?" என்று கையைப் பிடித்துவிட்டார். 2023-இல் திருத்திய சட்டப்படி தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அவர் பயம் அவருக்கு. ஆனால் மேலாளர் வந்து, எனக்குப் பார்வையில்லை என்று நம்பி, செயலி என்றால் என்னவென்று புரிந்துகொண்டு போவதற்குள் படத்தில் ஒரு கல்யாணம் முடிந்துவிட்டது. ஊழியர்களுக்குப் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42, ஒலி விவரிப்பு, சைகைமொழி, திரையெழுத்து மூன்றையும் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இருந்ததைத் தியேட்டருக்கு இழுத்து வந்தவர்கள் வழக்குப் போட்டவர்கள். 2023 ஜனவரியில் 'பதான்' என்ற இந்திப் படம் வெளியாகும் முன் பார்வையில்லாதவர்களும் காது கேளாதவர்களுமாகச் சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். படம் ஓடிடிக்கு வரும்போது ஒலி விவரிப்பும் இந்தியில் திரையெழுத்தும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது.

பின்னலாடை (திருப்பூர்)

நான் பிறவியிலிருந்தே காது கேளாதவள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. சைகைமொழிதான் என் மொழி. தமிழ் பள்ளியில் படித்து வந்தது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு தோழிகள் சேர்ந்து படத்துக்குப் போவோம். ஐந்து பேருக்குக் கேட்காது. ஒருத்திக்குக் கொஞ்சம் கேட்கும், மிஷின் வைத்திருக்கிறாள். அவள் கேட்டுச் சைகையில் சொல்லுவாள். தியேட்டர் இருட்டு. கை தெரியாது. போன் வெளிச்சம் போட்டால் பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். திட்டுவது எங்களுக்குக் கேட்காது, தோளில் தட்டும்போதுதான் தெரியும்.

கோவையில் ஒரு மாலில் சப்டைட்டில் இருக்கிறது என்று சொன்னார்கள். பஸ் ஏறிப் போனோம். இருந்தது, ஆங்கிலத்தில். எங்களில் யாரும் ஆங்கிலம் படிக்க மாட்டோம். அது தமிழ் தெரியாதவர்களுக்குப் போட்டது. தமிழ்ப் படத்தில் கீழே எழுத்தும் ஓடுகிறது, அது எங்களுக்கு இல்லை. அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. ஒரு மாசம் பொறுத்து ஓடிடியில் பார்க்கலாம் என்றால் அங்கேயும் பல படங்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு தமிழ்ப் படம் தமிழ் எழுத்தோடு பார்த்தேன், ஓடிடியில்தான். "வூட்டாண்ட வா" என்று வந்தது. எனக்குப் புரியவில்லை. நான் படித்த தமிழில் "வீடு" உண்டு, "வூடு" இல்லை. உங்களுக்கு எல்லாம் காதில் விழுந்து விழுந்து வந்துவிட்டது. எனக்கு அந்தத் தமிழை யாரும் எழுதிக் காட்டியதே இல்லை. அண்ணியிடம் கேட்டேன். சென்னையில் அப்படிப் பேசுவார்கள் என்றாள். கோயமுத்தூர்க்காரர் எப்படிப் பேசுவார், திருநெல்வேலிக்காரர் எப்படிப் பேசுவார் என்று எழுதிக் காட்டினாள். நான் கோயமுத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், எங்கள் ஊர்ப் பேச்சு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதனால் எழுத்துப் போடுகிறவர்கள் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பாடப்புத்தகத் தமிழில் மாற்ற வேண்டாம். அவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே போடுங்கள். முதலில் கஷ்டப்படுவோம், அப்புறம் பழகிவிடும். யார் பேசுகிறார், பின்னால் என்ன சத்தம் என்பதும் வேண்டும். [போன் மணி], [தூரத்தில் நாய் குரைக்கிறது]. திரையில் எல்லோரும் திடீரென்று ஒரே பக்கம் திரும்புவார்கள். ஏன் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

கேபின் (தஞ்சாவூர் பக்கம்)

சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டரில் ஆபரேட்டர். திருப்பூர்த் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது.

ஒரு முறை காது கேளாதவர்கள் இருபது பேர் வந்தார்கள். ஒருத்தர் தாளில் எழுதிக் காட்டினார், "எழுத்துப் போட முடியுமா?" ஏதோ பட்டன் அழுத்தினால் வரும் என்று நினைத்திருக்கிறார். எனக்குக் கொடுத்த படத்தில் எழுத்தே இல்லை. எழுத்தோடு உள்ள படம் தனிப் பதிப்பாக வரும், அதைத் திறக்கத் தனிச் சாவி அனுப்புவார்கள், கேடிஎம் என்போம். விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தமிழ் எழுத்து தயாரிக்கவே இல்லை என்றார்கள். படம் எடுத்தவர்கள் போடாததை நான் எங்கிருந்து போட முடியும்? இருபது பேரும் டிக்கெட் எடுத்துப் படம் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். திருப்பிக் கேட்டிருந்தால் முதலாளியிடம் சொல்லிக் காசு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

தொழில்நுட்பம் பெரிய தடை இல்லை. டிசிபி என்கிற டிஜிட்டல் படப் பெட்டியில் ஒலிக்குப் பதினாறு தடம் உண்டு. அதில் ஏழாவது காது மந்தமானவர்களுக்கு வசனத்தைத் தெளிவாக்கிக் கொடுப்பதற்கு, எட்டாவது பார்வையில்லாதவர்களுக்கான விவரிப்புக்கு. உலகம் முழுக்க அதுதான் ஏற்பாடு. எனக்கு வந்த படங்களில் அந்த இரண்டு தடமும் காலியாகத்தான் வந்திருக்கின்றன. அவை நிரம்பி வந்தால் அரங்கில் ஒரு டிரான்ஸ்மிட்டரும் ஹெட்போன்களும் போதும். திரையிலேயே தெரிகிற எழுத்துக்கு அதுகூட வேண்டாம். வாரத்தில் ஒரு காட்சியை அப்படிப் போட எந்த ஆபரேட்டருக்கும் கஷ்டமில்லை.

பட்டர்வொர்த் தமிழன்

மலேசியாவில் தமிழ்ப் படங்கள் மலாய் எழுத்தோடுதான் திரைக்கு வரும். என் தம்பி காது கேளாதவன், பினாங்கில் கேளாதோர் பள்ளியில் மலாயில் படித்தவன். தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் முதல் நாள் முதல் காட்சி எங்களோடு உட்கார்ந்து பார்ப்பான், நாங்கள் கைதட்டும்போது அவனும் தட்டுவான். அந்த எழுத்தை யாரும் அவனை நினைத்துப் போடவில்லை, மலாய் படிக்கிற எல்லோருக்கும் போட்டது. திருப்பூர்ச் சகோதரி எழுதியதைப் பார்த்த பிறகுதான் தம்பிக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிது என்று புரிகிறது. பாட்டுக்கு மட்டும் பல படங்களில் எழுத்து வராது. அப்போது எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுவான்.

ஒன்றரை நொடி (சென்னை)

நான் ஒலி விவரிப்பு எழுதுகிறேன். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் சில நேரம் ஒன்றரை நொடிதான் கிடைக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், "கையில் இருந்த கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள்" என்று எழுதினால் "போடுகிறாள்" வருவதற்குள் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிடுவார். "கடிதம் கிழிகிறது. அடுப்பில்." என்று வெட்டுவேன். "சோகமாக" என்று எழுத மாட்டேன், கண் கலங்குவதைச் சொன்னால் கேட்பவரே புரிந்துகொள்வார்.

எழுதியதைப் பார்வையில்லாத ஒரு நண்பரிடம் ஓட்டிக் காட்டித் திருத்துவது வழக்கம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று "மஞ்சள் புடவை" என்பதில் மஞ்சளை எடுத்துவிட்டேன். உடனே நிறுத்தச் சொன்னார். "எங்க வீட்ல தினமும் கலரைப் பத்திப் பேசுறாங்க. என் பொண்ணு மஞ்சள்தான் வேணும்னு அழுவா. அதை ஏன் எனக்குக் குறைக்கறீங்க?" மஞ்சளைத் திரும்பப் போட்டேன், பதிலாக வேறு இரண்டு சொல் போனது.

ஒரு வேண்டுகோள். படம் வெளியாக நான்கு நாள் இருக்கும்போது எங்களிடம் தருகிறார்கள். படத்தொகுப்பு முடிந்ததும் கொடுத்தால் நன்றாகச் செய்ய முடியும்.

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. விழுப்புரம் சார் எழுதிய சட்டைப் பொத்தானை என் கணவர் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். நான் இத்தனை வருஷம் அவருக்குச் சொன்னதில் எத்தனை பொத்தான் விட்டுப்போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் வேகத்துக்குப் பெரிய விஷயத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

கேபின் அண்ணன் சொன்னதைக் கேட்டு, எங்கள் ஊரில் வழக்கமாகப் போகும் தியேட்டருக்குப் போன் செய்தேன். ஒலி விவரிப்பு உள்ள படம் வருமா, செயலியோடு வந்தால் உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், பேரும் நம்பரும் வாங்கிக்கொண்டார். நீங்களும் உங்கள் ஊரில் ஒரு போன் போடுங்கள். எழுத்து கேட்பவர்கள் "தமிழில்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தத் தீபாவளிப் படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. விவரிப்பு இல்லை, நான்தான் சொன்னேன், வீட்டில் என்பதால் சத்தமாகவே. வளையல் அவனுடைய அம்மா கையில் இருந்தது.