மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்த பிறகு சோடியம் 126: உப்பு கரைச்சுக் குடுக்கலாமா?

ராயபுரம்வாசி:
அம்மாவுக்கு 68 வயசு. மூணு வாரமா எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. போடுறாங்க. பி.பி.க்கு டெல்மிசார்டன் 40, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5, பல வருஷமா ஓடுது. இப்ப குமட்டல், தலைபாரம், நடந்தா தள்ளாட்டம். நேத்து ரத்தப் பரிசோதனையில சோடியம் 126. உப்புத்தண்ணி, இளநீர் குடுங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. குடுக்கலாமா?

மருந்தாளுநர்_தண்டையார்பேட்டை:
ரெண்டும் வேணாம். இளநீர்ல பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம். அதோட, உடம்புல உப்பு தீர்ந்துபோனதைவிட தண்ணி மிஞ்சினதுதான் இங்க காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் சிலருக்கு ஏ.டி.எச். ஹார்மோனை வேண்டாத நேரத்துல சுரக்க வைக்கும். சிறுநீரகம் தண்ணியை வெளிய விடாது, ரத்தம் நீர்த்துப்போகும், சோடியம் 135க்குக் கீழ இறங்கும். பெரும்பாலும் முதல் மாசத்துலயே தெரியும். வயசானவங்க, பெண்கள், ஒல்லியா இருக்கிறவங்களுக்கு வாய்ப்பு கூட. பி.பி.க்குப் போடுற தயசைடும் (ஹைட்ரோகுளோரோதயசைடு) சோடியத்தை இறக்கும். ரெண்டும் சேர்றதுதான் வம்பு. பி.பி. மாத்திரை பேருக்குக் கடைசியில ‘எச்’ இருந்தா அட்டையைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் தயசைடுதான்.

செவிலியர்_வியாசர்பாடி:
126, கூடவே தள்ளாட்டம். நாளைக்கு ஓ.பி.ன்னு தள்ளிப்போடாதீங்க. இன்னைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க, எல்லா மாத்திரை அட்டையும் ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும். குழப்பமா பேசினாலோ, எழுப்பியும் தூங்கி வழிஞ்சாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

போற வழியில யாராவது “ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க, தெம்பு வரும்”பாங்க. வேண்டவே வேண்டாம். 5% டெக்ஸ்ட்ரோஸ்ல சர்க்கரை எரிஞ்சதும் மிச்சம் வெறும் தண்ணிதான், சோடியம் இன்னும் இறங்கும். ஏ.டி.எச். காரணமா இருந்தா சாதா சலைன்கூட சிலருக்குக் கெடுதல். மோசமான நிலையில 3% சலைன் (உப்பு கூடுதலா இருக்கிற சலைன்) குடுப்பாங்க, அதுவும் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே. 24 மணி நேரத்துல சோடியம் 8-10 புள்ளிக்கு மேல ஏறக்கூடாது. வேகமா ஏறினா மூளைத்தண்டு நரம்புகளோட உறை சிதையும்.

மருந்தாளுநர்_தண்டையார்பேட்டை:
சிறுநீர் சோடியம், சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி (சிறுநீர் எவ்வளவு அடர்த்தின்னு காட்டுறது) ரெண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. வாந்தியால நீர் வத்திப்போயிருந்தா வைத்தியம் தலைகீழ். ஏ.டி.எச்.தான்னு உறுதியானா குடிக்கிறதுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1 லிட்டர்னு அளவு வைப்பாங்க. டீ, மோர், ரசம், கஞ்சித்தண்ணி எல்லாம் அந்தக் கணக்குலதான். வெயில்ல இதைக் கடைப்பிடிக்கறதுதான் பெரிய பாடு.

ராயபுரம்வாசி:
அப்ப மனச்சோர்வுக்கு வைத்தியமே நின்னுடுமா?

செவிலியர்_வியாசர்பாடி:
நிக்காது. மிர்டாசபின்ல இந்தத் தொல்லை குறைவு, பலரும் அதுக்குத்தான் மாத்துவாங்க. தயசைடுக்குப் பதிலா அம்லோடிபின் மாதிரி வேற ஏதாவது. புது மாத்திரை ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல சோடியம் மறுபடி பார்க்கணும், டாக்டர் எழுதலைன்னாலும் நீங்களே கேளுங்க.