புதுப்பிப்பு: அம்மாவின் வயிற்று வலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

82 வயது அம்மா மேல்வயிற்று வலியில் துடிக்கிறார், ஓங்கரித்தும் எச்சில் தவிர எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தேன். அது வாயுத் தொல்லை இல்லை, இரைப்பையே முறுக்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் மூக்கு வழியாக இரைப்பைக்கு ட்யூப் போட்டார். மூன்று முறையும் பாதியில் தட்டி நின்றது. அப்போதுதான் டாக்டர் முகம் மாறியது. கடும் வலி, வெறும் ஓங்கரிப்பு, உள்ளே போகாத ட்யூப்: இந்த மூன்றும் சேர்ந்து வருவதை போர்கார்ட் என்ற ஜெர்மன் சர்ஜன் 1904லேயே எழுதிவைத்திருக்கிறார். சிடி ஸ்கேனில் பார்த்தால், உதரவிதானத்தில் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உள்ள துளை வழியாகப் பாதி இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிப் புரண்டிருந்தது. ரத்த ஓட்டம் நின்றால் திசு அழுகிவிடும் என்று அன்றிரவே ஆபரேஷன்.

முதல் நாள் ஈசிஜி நார்மல் என்றதும் வீட்டுக்குக் கூட்டி வந்தது இன்னும் உறுத்துகிறது. இன்று காலை இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்தார். உள்ளேயே தங்கியது.