வன்முறையை மறுக்கும் மனைவி: பார்ப்பவர் அவளை முட்டாளாக நினைக்காதபடி எழுதுவது எப்படி?

எழுத்துப்பலகை:
எட்டு எபிசோட் வெப் சீரிஸ். கணவன் அடிக்கிறான், மனைவி கடைசிவரை "எங்களுக்குள்ள ஒண்ணுமில்லை" என்கிறாள். ஸ்கிரிப்ட் படித்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இவளுக்குப் புத்தி இல்லையா?" எங்கே தப்பு?

நீலத்திரை:
முதலில் அந்த "ஒண்ணுமில்லை"யைத் தூக்குங்கள். மறுக்கிறவர்கள் பெரும்பாலும் நடந்ததை நடக்கவில்லை என்பதில்லை, சின்னதாக்கிவிடுவார்கள். "அடிக்கலை, தள்ளினார்." "வேலையில டென்ஷன்." "நான்தான் வாயைக் கொடுத்தேன்." மூன்றையும் ஒரே காட்சியில் கொட்டாமல் எபிசோடுக்கு ஒன்றாக வையுங்கள். காயம் பெரிதாகப் பெரிதாக, சாக்கும் மாறணும்.

அடுத்தது அவனுடைய நல்ல முகம். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் விவரித்த வன்முறைச் சுழற்சியில் மூன்று கட்டம்: இறுக்கம் ஏறுவது, வெடிப்பது, பிறகு மன்னிப்பும் கொஞ்சலும். எல்லா உறவும் இந்த வரிசையில் போவதில்லை, ஆனாலும் எழுத உதவும். பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன. அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதோ மூன்றாவதை! அந்தக் காட்சிகளில் பார்க்கிறவருக்கும் அவனைக் கொஞ்சம் பிடிக்கணும். பிடிக்காவிட்டால் "புத்தி இல்லையா" என்ற கேள்வி வந்தே தீரும்.

ஒலித்தடம்:
வாய் மறுக்கட்டும், உடம்பு மறுக்க வேண்டாம். பூட்டில் சாவி திரும்பும் சத்தம். அவள் டிவி ஒலியைக் குறைக்கிறாள், யாரும் சொல்லாமலே குழந்தை பொம்மைகளை எடுத்து வைக்கிறது. அடி விழும் ஷாட்டே தேவைப்படாது. ஒரே காயத்துக்குத் தோழியிடம் "கதவு இடிச்சிடுச்சு", அம்மாவிடம் "படியில வழுக்கிட்டேன்."

நீலத்திரை:
இதில் ஒரு திருத்தம். அவன் பக்கத்தில் நிற்கும்போது சொல்லும் பொய் பயத்தால் வருவது. அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவன் இல்லாத, பத்திரமான ஓர் இடத்திலும் அவள் அவனுக்காக வாதாடும் காட்சி வேண்டும். 'பிக் லிட்டில் லைஸ்' என்ற அமெரிக்க சீரிஸின் முதல் சீசனில் (2017), கணவனிடம் அடிவாங்கும் செலஸ்ட் தனியாக ஆலோசகரிடம் வரும் காட்சிகளைப் பாருங்கள். அந்த ஆலோசகர் உபதேசம் செய்வதில்லை. விவரம் விவரமாகக் கேட்கிறார். பிறகு தனியாக ஒரு வீடு எடுத்து வைக்கச் சொல்கிறார்.

எழுத்துப்பலகை:
எட்டாவதில் தோழி பேசுகிறாள், இவள் அழுது தெளிந்து அன்றிரவே கிளம்புகிறாள். அது சரிவருமா?

நீலத்திரை:
ஒரு பேச்சில் யாரும் தெளிவதில்லை. தோழியிடமிருந்து விலகத்தான் பார்ப்பாள். தவிர, பிரிந்து போகும் நேரம்தான் உயிருக்கே ஆபத்தான நேரம். அதைச் சுபமான கிளைமாக்ஸாக்கினால் பொய்யான தைரியம் கொடுத்ததாகிவிடும். கிளம்புவதைப் பிரித்துப் போடுங்கள்: ஐந்தில் மாற்றுச் சாவி, ஆறில் கொஞ்சம் பணம், ஏழில் அடையாள அட்டையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் தோழி வீட்டுக்குப் போகட்டும். அப்போதும் தோழி ஏன் என்று கேட்டால், "சும்மா, பத்திரமா இருக்கட்டுமேன்னு" என்றே சொல்லட்டும்.