.45-70 கூட்டை வெட்டி .45-60 செய்யும் தாத்தா

1876 வின்செஸ்டர் என்பது அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி தன் 1873 மாடலைப் பெரிதாக்கிச் செய்த லீவர் ரைஃபிள். உள்ளே அதே டாகிள் இணைப்புதான், முழங்கால் போல மடங்கி நிமிர்ந்து பூட்டுகிற அமைப்பு. ஆனால் அந்த நீளத்துக்குள் அமெரிக்க ராணுவத்தின் .45-70 தோட்டா (.45 அங்குல ரகம், 70 கிரெயின் கருமருந்து) அடங்காது. அதனால்தான் .45-75, .45-60, .40-60 என்று அதற்கெனத் தனித் தோட்டாக்கள் வந்தன. பிறகு ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1886 மாடலில் .45-70 நேராகவே போனது. இவற்றின் மவுசும் போனது. ஆனால் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. இத்தாலியில் உபெர்ட்டி செய்கிற மறுபதிப்புகளும் இருக்கின்றன. சாதாரணக் கடையில் போய் .45-60 கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

டெக்சாஸில் நான் போகும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அசல் 1876 வைத்திருக்கும் ஒரு தாத்தா இருக்கிறார். தோட்டாவின் கூடுகளை, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறைகளை, அவரே செய்துகொள்கிறார். நான் லேத் பட்டறையில் வளர்ந்தவன் என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

.45-70 கூட்டின் நீளம் 2.105 அங்குலம். அதை 1.89-க்கு வெட்ட வேண்டும். வெட்டுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பித்தளைச் சுவர் கீழே போகப் போகத் தடிக்கும், அங்கேதான் விஷயமே. மேலே இருந்த மெல்லிய வாய் போய், நடுவிலிருந்த தடித்த பகுதி புது வாயாகிறது. அதில் குண்டைச் சொருகினால் கழுத்து உப்பிக்கொள்ளும். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் போகாது. இறுக்கமாகப் போய்விட்டால் இன்னும் மோசம், குண்டை விட இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதனால் உட்பக்கம் ரீமர் (துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கருவி) போட்டு இழைக்கிறார். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் பார்க்கிறார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

அப்புறம் இளக்குவது. கூட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையில் அழுத்த அழுத்தப் பித்தளை விறைத்து, வாயோரம் கீறல் விடும். வாயை மட்டும் சூடேற்றி இளக்க வேண்டும், அடிப்பகுதி இளகவே கூடாது. வெடிக்கும்போது தாங்குவது அதுதானே. அவர் அடியை விரலால் பிடித்துச் சுடரில் உருட்டுகிறார். விரல் சுட்டதும் தண்ணீரில் போட்டுவிடுகிறார். எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் போட்டதும் இறுகாது. சூடு கீழே இறங்காமல் தடுக்கத்தான் தண்ணீர்.

எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. செய்து முடித்த கூட்டின் அடியில் இன்னும் .45-70 என்றுதான் அச்சிட்டிருக்கும். அவர் தனி டப்பாவில் போட்டு, கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறார். வீட்டில் வேறு யாராவது அதை .45-70 என்றே நினைத்து எடுத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கும் முன்பே, அலமாரிப் பூட்டைக் காட்டினார்.

.45-75-க்கு .348 வின்செஸ்டர் கூட்டை விரிக்கிறார்களாம். 1936-ல் வின்செஸ்டரின் மாடல் 71 ரைஃபிளுக்காக வந்த அந்த .348, பழைய .50-110 கூட்டைச் சுருக்கிச் செய்தது. இப்போது அதையே திரும்ப விரிக்கிறார்கள்! இதை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மறுமொழி 1

அண்ணா, நான் .348 பக்கம் போனதில்லை. என்னிடம் இருப்பது .44-40-ல் உபெர்ட்டி 1873. நண்பர் ஒருவர் தன் .38-40-க்காக என்னிடம்தான் .44-40 கூடு வாங்குவார். கழுத்தைச் சுருக்கினால் போதும், மற்றபடி இரண்டும் ஒரே உடம்பு. ஆனால் வாய் காகிதம் மாதிரி மெல்லிசு. டைக்குள் கொஞ்சம் சாய்ந்து போனாலும் மடங்கிவிடும். எண்ணெய் கூடினால், உடம்பு கழுத்தாகச் சுருங்கும் தோளில் குழி விழும். அந்த மெல்லிய வாயால் ஒரு லாபமும் உண்டு. கருமருந்து போட்டுச் சுடும்போது வாய் விரிந்து அறையை நன்றாக அடைத்துக்கொள்ளும், புகைக்கரி பின்னால் வராது. வாய் தடித்த .45 கோல்ட் தோட்டா போட்டுச் சுடுகிறவர்கள் ரைஃபிளைத் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் தெரியும்.

மறுமொழி 2

நான் உலோகவியல் படித்தவன், துப்பாக்கி தொட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் இதை விளக்கினார்கள். டையில் நசுக்கிய கூட்டிலும் அதே இறுக்கம் இருக்கும். அண்ணா, அந்தத் தாத்தா கூடுகளை எதில் கழுவுகிறார்? அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பதிவிட்டவர்

கேட்டேன் தம்பி. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான். கருமருந்துக் கரிக்கு அதுவே போதுமாம். பாலிஷ் போடுவதே இல்லை, கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும் என்கிறார்.