கோரைக்குத் தீ வைத்த கதை

கொல்லைப்புறம் (செங்கல்பட்டு பக்கம்)

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம். வாங்கும்போது காலி மனை, இப்போது கோரை மனை. இரண்டு வருஷம் களைக்கொத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். போன தை மாதம், போதும்டா சாமி, கொளுத்திவிடுவோம் என்று இறங்கினேன். நடந்ததை எழுதுகிறேன். உங்கள் கதையையும் எழுதுங்கள். தோற்றுப்போன கதையாக இருந்தால் இன்னும் நல்லது.

மொட்டைமாடியில் தார் ஷீட் ஒட்டுகிறவர்கள் நீளக் குழாய் வைத்த கேஸ் டார்ச் வைத்திருப்பார்கள். எங்கள் மாடிக்கு வேலை பார்த்த தம்பியிடம் இரண்டு நாள் இரவல் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார். "புல்லைக் கொளுத்த." ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு மாட்டக் கூடாது. சட்டப்படியும் தப்பு, அடுப்பு ரெகுலேட்டர் இந்த அழுத்தத்துக்கு ஆகவும் ஆகாது. தனியாக 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் காலை, பனி ஈரம் இருக்கும்போதே ஆரம்பித்தேன். உஸ்ஸென்று நெருப்பு வர, கோரை சுருண்டு கருகி விழுந்தது. இரண்டு வருஷக் கோபம் எல்லாம் தீர்ந்த மாதிரி இருந்தது. சாம்பலாகும் வரை ஒரே இடத்தில் நின்று நின்று சுட்டேன். அன்றைக்கே பாதி கேஸ் காலி. மாலையில் பார்த்தால் தரை கருப்பாக, சுத்தமாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆறாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்க்கிறேன், கருப்புத் தரையில் பச்சை ஊசிகள். சவரம் செய்த முகத்தில் மறுநாள் குத்துமே, அந்த மாதிரி. பத்தாம் நாள் முழு இடமும் பச்சை. சாம்பல் வேறு உரமாகிவிட்டதோ என்னவோ, முன்பைவிடத் தளதளவென்று இருந்தது.

அப்போதுதான் மண்வெட்டியை எடுத்து ஒரு அடிக்கு ஒரு அடி, அரை அடி ஆழம் வெட்டி எடுத்து, மண்ணை உதிர்த்து எண்ணினேன். 43 கிழங்கு. மொச்சைக்கொட்டை அளவு, வெளியே கருப்பு, கடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை, கற்பூரம் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஒன்றிலிருந்து நூல் போல வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது. இத்தனையும் மண்ணுக்கடியில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்க, நான் மேலே நெருப்பு வேடிக்கை காட்டியிருக்கிறேன்.

ஆனால் டார்ச் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். வாசலில் பேவர் பிளாக் கல் இடுக்குகளில் முளைக்கும் குப்பைமேனி, அம்மான் பச்சரிசி எல்லாம் நாலு இலைப் பருவத்தில் இருந்தால் அதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. கருக்கவே வேண்டாம் என்பதை இரண்டாம் நாள்தான் கற்றுக்கொண்டேன். நெருப்பை ஒன்றிரண்டு விநாடி காட்டிவிட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இலைக்குள் இருக்கும் நீர் கொதித்துத் திசு உடைந்தால் போதும். சுட்ட இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். கரும்பச்சையாக ரேகை பதிந்தால் வேலை முடிந்தது. நிற்கும்போது பச்சையாகத்தான் தெரியும், மறுநாள் காய்ந்து கிடக்கும்.

சேதாரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். சொட்டுநீர்க் குழாய் பன்னிரண்டு அடி உருகிப் போனது. ஒரு தேரை என் காலுக்கு நடுவில் தாவி ஓடியது. அதற்கு எத்தனை சொந்தக்காரர்கள் உள்ளே இருந்தார்களோ.

வயக்காட்டான் (கோபி)

அண்ணா, சிரிக்கக் கூடாதுன்னுதான் பார்த்தேன். மன்னிச்சுக்குங்க.

எங்களுக்கு மஞ்சள் காடு. கோரையோடுதான் பிறந்தோம், வளர்ந்தோம். எங்க அப்புச்சி சொல்வார், கோரையைக் கொத்துறவன் கோரையை விதைக்கிறான்னு. சின்ன வயதில் புரியவில்லை. நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களே, அந்தச் சங்கிலியில்தான் விஷயம் இருக்கிறது. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை நுனியில் இருக்கும் கிழங்கு முளைக்கும், மற்றது பாதி தூங்கும். களைக்கொத்தால் ரெண்டாக அறுத்தால் தூங்குவது எல்லாம் எழுந்துகொள்ளும். ஒன்று நாலாகும். ரெண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் செய்தது அதுதான்.

அதற்கு ஆகாதது இரண்டு: வெயிலில் காய்வது, நிழலில் நிற்பது. வெயில் இலைக்குப் பிடிக்கும், கிழங்குக்கு ஆகாது. மண்ணுக்கு மேலே வந்து நன்றாகக் காய்ந்த கிழங்கு முளைக்காது. அதனால் தண்ணீர் கட்டுவதை நிறுத்திவிட்டு, சித்திரையில் ஆழமாகப் புரட்டிப் போட வேண்டும். கட்டி கட்டியாகக் கிடக்கட்டும், உடைக்க வேண்டாம். பத்து நாள் கழித்து மறுபடி புரட்டுங்கள். நடுவில் கோடை மழை பெய்துவிட்டால் கதை கந்தல். மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் நிழல். முதல் மழைக்கு சணப்பு விதையை (பசுந்தாள் உரப் பயிர்) நெருக்கமாகத் தூவி விடுங்கள். தக்கைப்பூண்டும் ஆகும். ஆள் உயரத்துக்கு எழுந்து கீழே வெளிச்சமே போகாது. பூ எடுக்கும் சமயத்தில், நாற்பது நாற்பத்தைந்து நாளில், மடக்கி மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும். கோரை நிழலில் சோறு ஆக்க முடியாத பயிர். மெலிந்து நூலாகிவிடும், புதுக் கிழங்கு கட்டாது.

ஒரே வருஷத்தில் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் மேட்டுக்காட்டில் மூன்று வருஷம் ஆனது, அதுவும் வரப்போரம் இன்னும் இருக்கிறது.

மாடிவீட்டு அக்கா (சென்னை)

எனக்குக் கோரை காசு கொடுத்து வந்தது! மாடித் தோட்டத்துக்கு ஒரு லோடு செம்மண் இறக்கினேன். மூன்றாவது வாரம் கத்திரிக்காய்த் தொட்டி, தக்காளித் தொட்டி என்று முப்பது தொட்டியிலும் கோரை.

தொட்டி என்பதால் எனக்கு வேலை சுலபம். கத்திரி வெயிலில் பெரும்பாலான தொட்டிகளின் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, இரண்டு வாரம் காயவிட்டேன். பிறகு கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தேன். ஒரு பக்கெட் கிழங்கு. அதற்குப் பிறகு இரண்டே இரண்டு முளைத்தது. மீதித் தொட்டிகளைக் கவிழ்க்காமல் கருப்பு பாலிதீன் போட்டு மூடினேன், அதைக் கோரை குத்திக்கொண்டு வெளியே வந்து நின்றது. ஊசி மாதிரி முனை அதற்கு. மெல்லிய ஷீட்டை நம்பாதீர்கள்.

தக்கலைக்காரி

எங்கள் வீட்டில் கோரை குறைவு, அருகம்புல்தான் தலைவலி. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறவர்கள் யாரும் ஒரு நாளாவது அருகைப் பிடுங்கியிருப்பார்களா? பிடுங்கிப் பார்த்தால் தெரியும் எப்பேர்ப்பட்ட வாழ்த்து என்று.

நடைபாதை இடுக்குக்குக் கொதிக்கிற தண்ணீர்தான் என் முறை. சோறு வடித்த கஞ்சியையும் சூடாக ஊற்றிப் பார்த்தேன். புல் வாடியது, ஆனால் எறும்பு ஊர்வலம் வந்துவிட்டது. அதோடு விட்டேன். வெறும் வெந்நீர் போதும். ஒரு தடவை ஊற்றினால் மேலே சாகும், இரண்டு வாரம் விட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மூன்று நாலு தடவைக்கு மேல் அதற்கும் தெம்பு போய்விடுகிறது.

இனிமேல் செய்யவே மாட்டேன் என்றால் அது உப்பு. மதில் ஓரமாக இரண்டு கிலோ கல்லுப்பு தூவினேன். அருகு செத்தது, உண்மைதான். மழை வந்து உப்பைக் கரைத்து இறக்கியதில் நாலு அடி தள்ளி இருந்த கறிவேப்பிலை மரமும் செத்தது. என் மாமியார் கையால் வைத்த மரம். மதிலில் பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்தது. ஒரு வருஷம் அந்த இடத்தில் எதுவுமே முளைக்கவில்லை. பிறகு முதலில் என்ன முளைத்தது தெரியுமா? அருகு.

ஓசூர் பக்கத்து ஆள்

நான் பார்த்தீனியக்காரன். இந்தியாவில் இந்த விஷக் களை முதலில் கண்ணில் பட்டது 1955-இல் புனேயில் என்பார்கள். என் மனையில் கண்ணில் பட்டது 2019-இல். முதல் வருஷம் வெறும் கையால் பிடுங்கினேன். முழங்கை வரை தடித்து, கண் இமை வீங்கி, தோல் டாக்டரிடம் இரண்டு மாதம் நடந்தேன். கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் தொடாதீர்கள்.

இரண்டாம் வருஷம் வெட்டிப் போட்டுக் காய்ந்ததும் கொளுத்தினேன். தப்பு எங்கே என்றால், பூத்து முடிந்த செடியை வெட்டியிருக்கிறேன். ஒரு செடியில் ஆயிரக்கணக்கில் விதை. இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் கொட்டியிருக்கிறது. குவியலைக் கொளுத்திய இடம் மட்டும் சுத்தம், இழுத்த தடம் பூராவும் அடுத்த மழைக்குக் கோடு போட்ட மாதிரி முளைத்தது.

இப்போது மழை விட்ட மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது, பூ வருமுன் வேரோடு பிடுங்குகிறேன். முளைத்துச் சாணளவு இருப்பதற்கு டார்ச் அருமையாக வேலை செய்யும். இதற்குக் கிழங்கு கிடையாது, சின்னதாக இருக்கும்போது மேலே போனால் பெரும்பாலும் போனதுதான். இலையை அரித்துத் தின்னும் வரிபோட்ட வண்டு ஒன்று இருக்கிறது, மெக்சிகோவிலிருந்து 1980-களில் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து விட்டது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் தானாகவே வருகிறது. வண்டு உட்கார்ந்திருக்கும் செடியை நான் தொடுவதில்லை, அதன் சாப்பாடு அது.

புதுசு (மதுரை)

எல்லாரும் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்களே, களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் முடியாதா?

வயக்காட்டான்

ஒரே நாளில் முடியாதுங்க தம்பி. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை போகும், அதனால் கோரைக்குக் கேட்கும்தான். ஆனால் மண்ணில் தூங்கும் கிழங்குக்கு இலை ஏது? அது பிறகு முளைக்கும். நானும் அடித்தவன்தான். காற்று திரும்பி என் பப்பாளி ஆறு மரம் இலை சுருண்டு போச்சு. 2022-இல் மத்திய அரசு உத்தரவே போட்டுவிட்டது, அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாகத்தான் அடிக்க வேண்டும் என்று. கடையில் பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை எடுத்துத் தந்தால் கையால் தொடாதீர்கள். வாய்க்குள் போனால் முறிவு மருந்தே கிடையாது. எங்க ஊரில் பார்த்திருக்கிறோம்.

கீரைக்காரம்மா

ஒன்று கேட்கிறேன். நீங்கள் எல்லாரும் கொளுத்தியதில் மூக்கிரட்டையும் பருப்புக்கீரையும் கீழாநெல்லியும் எவ்வளவு போனது? எங்கள் அம்மா களை எடுக்கப் போனால் மடியில் குழம்புக்குக் கீரையோடுதான் வருவார். கோரையைக் கொளுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூக்கிரட்டையை எனக்கு அனுப்புங்கள்.

கொல்லைப்புறம்

எட்டு மாதம் ஆகிவிட்டது, மறுபடி எழுதுகிறேன்.

கோபி அண்ணன் சொன்னபடியே சித்திரையில் ஆள் வைத்து முக்கால் அடி புரட்டினேன். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. அக்னி நட்சத்திரம் முழுக்கக் கட்டி கட்டியாகக் கிடந்தது, தெருவில் போகிறவர்கள் கிணறு வெட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். மாலையில் உட்கார்ந்து கட்டியை உடைத்துக் கிழங்கு பொறுக்குவதே வேலை. பையன் எண்ணிக்கொண்டே வந்தான், இரண்டாயிரத்தில் நிறுத்திவிட்டான்.

பாதி இடத்தில் சணப்பு. மீதிப் பாதியில் பழைய பிளக்ஸ் பேனர்கள், இரண்டு அடுக்கு. காதுகுத்து, வளைகாப்பு, ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள். முகங்களைக் கீழே பார்த்து விரித்து, மேலே தென்னை மட்டை அடுக்கினேன். பேனரைக் கோரையால் குத்த முடியவில்லை. ஓரத்தில் வெளிச்சம் தெரிந்த இடம் வரை ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். ஆடியில் பேனரை எடுத்தபோது அடியில் வெள்ளையாக, சோகை பிடித்த தண்டுகள். இழுத்தால் கிழங்கோடு வந்தது.

இப்போது சணப்பை மடக்கிய இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி படர விட்டிருக்கிறேன். இன்னொரு பக்கம் பூசணி. வாரத்துக்குப் பத்து இருபது கோரை தலை காட்டும். கொத்துவதில்லை, கம்பியை விட்டு நெம்பிக் கிழங்கோடு எடுக்கிறேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. டார்ச்சை வைகாசியிலேயே தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. வாசல் இடுக்குக்கு வெந்நீரே போதுமாக இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. பொறுக்கிப் போட்ட கிழங்குக் குவியலைப் பார்த்து அம்மா, "நாட்டு மருந்துக் கடையில் இதைக் காசு கொடுத்து வாங்குறோம், நீ கொட்டப் போறியா" என்று ஒரு முறம் அள்ளிக்கொண்டார். கழுவி, காயவைத்து, கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்து, பேத்திக்குக் குளியல் பொடி. நல்ல வாசனைதான். பொடிக்கு ஆகாத சின்னக் கிழங்குகளைக் கழுவிய தண்ணீரோடு துவைக்கிற கல் பக்கம் கொட்டியிருக்கிறார்.

நேற்று அங்கே பார்த்தேன். ஏழு முளைத்திருக்கிறது.