புதுப்பிப்பு: கடை பிசி கெர்னல் பேனிக், காரணம் சிக்கிடுச்சு

காசிமேட்டு கடைல பில் போடுற லினக்ஸ் பிசி திடீர்னு உறைஞ்சு நிக்குது, ரீஸ்டார்ட் பண்ணி லாக் பாத்தா ஒண்ணுமே இல்லன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ்பா. நெட்கன்சோல் (லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் தர்ற மெசேஜை நெட்வொர்க்ல அனுப்புற வசதி) போட சொன்ன அண்ணன் ஐடியாதான் ஒர்க் ஆச்சு. கெர்னல் சாவுற நேரத்துல டிஸ்க்ல எழுத முடியலன்னாலும் மெசேஜை யூடிபி 6666 போர்ட்ல பக்கத்து லேப்டாப்புக்கு தள்ளிடுது. மூணு ஊப்ஸ் (கெர்னல்ல தப்பு நடந்தா வர்ற எரர் ரிப்போர்ட்) சிக்குச்சு, மூணும் கோட்ல வேற வேற ஃபங்ஷன்ல, ஒரு டிரைவர்தான் காரணம்னா பெரும்பாலும் ஒரே இடத்துல வரும், அதனால டிரைவர் மேல இருந்த சந்தேகம் போய் ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டினா செகப்பு செகப்பா எரர் கொட்டுது. புது ரேம் வாங்க கெளம்பிட்டு சும்மா கழட்டி பாத்தா காண்டாக்ட்ல பச்சை பூத்திருக்கு, கடல் காத்துதான் வேறென்ன! பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டினேன், ராத்திரி பூரா ஓட்டியும் ஒரு எரர் இல்ல. ஒண்ணு, வைஃபைல நெட்கன்சோல் எனக்கு வேலைக்கு ஆகல, கேபிள்தான்.